சுவருக்குள் பார்த்தவர் யார்?

உயர்மாடிக் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதியும் பணிநிறைவுச் சான்றும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

சென்னையின் தெற்குப் புறநகரில், சுவரையும் தளத்தையும் காங்கிரீட் பலகைகளாகத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டும் முன்வார்ப்பு (ப்ரீகாஸ்ட்) முறையில் கட்டப்பட்ட 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் 11-ஆம் தளத்தில் வசிக்கிறேன். எங்கள் கட்டடத்தின் சுவர்ப் பலகைகளைப் பிணைக்கும் இணைப்புகளில் கிரவுட் என்னும் சிமென்ட் நிரப்புக் கலவையைச் செலுத்தியபோது எழுதப்பட்ட பதிவேட்டின் நகலை, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் சென்ற ஆண்டு கேட்டேன். அப்படி ஒன்று தங்களிடம் இல்லை என்றது கட்டிய நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சான்று வழங்கிய அலுவலகத்தைக் கேட்டேன். பணிநிறைவுச் சான்றுக்கு அத்தகைய ஆவணம் கோரப்படுவதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

முன்வார்ப்பு முறையின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. பதினாறு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டதே அதுதான். புதுக்கோட்டையில் கட்டடவியல் டிப்ளமோ முடித்து 2003-இல் சிங்கப்பூருக்குப் போனேன். ப்ரீகாஸ்ட் பலகைகளைத் தூக்கி நிறுத்தும் பணியில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்து, கடைசி நான்கு ஆண்டுகள் இணைப்புகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பில் இருந்தேன். அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980-களிலிருந்தே அடுக்குமாடிகளில் முன்வார்ப்புப் பாகங்களைப் பயன்படுத்தி வருகிறது. 2014 நவம்பரிலிருந்து, அரசு விற்கும் குறிப்பிட்ட சில மனைகளில், ஓர் அறையையே முழுதாகத் தொழிற்சாலையில் செய்து, தரை ஓடும் சன்னலும் குழாயும் வர்ணமும் முடித்துக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மாடுலர் முறை கட்டாயமாக்கப்பட்டது. 2019-இல் முடிந்த கிளெமென்ட் கேனபி என்ற 40 மாடி இரட்டைக் கோபுரம் அப்படி எழுந்தது. அதன் காங்கிரீட் பெட்டிகள் மலேசியாவின் செனாயில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸில் உள்வேலை முடிந்து வந்தவை. சாரத்தில் தொங்கிக்கொண்டு வெளிப்பூச்சு பூசுகிற வேலை குறைந்ததை நான் கண்ணால் கண்டவன். தூசியும் இரைச்சலும் குறைகின்றன. மழைக்காலத்திலும் வார்ப்பு நிற்பதில்லை. பலகையின் தரம் கைவேலையை விடச் சீராக இருக்கிறது. எனவேதான் 2019-இல் ஊர் திரும்பியதும், சேமிப்பு முழுவதையும் போட்டு, தெரிந்தே ஒரு முன்வார்ப்புக் கட்டடத்தில் வீடு வாங்கினேன்.

ஆனால் இந்த முறையில் பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கட்டடம் நிற்பது இணைப்பில். அந்த இணைப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சான்று வழங்குகிறவர்களில் பலர் அதை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நாலைந்து டன் எடையுள்ள சுவர்ப் பலகை ஒன்றைக் கிரேன் தூக்கி வருகிறது. கீழ்த்தளத்திலிருந்து கம்பிகள் முளைபோல நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டார்ட்டர் பார் என்போம். பலகையின் அடிப்பகுதியில் அந்தக் கம்பிகள் நுழைவதற்கான குழல்கள் இருக்கின்றன; அவற்றுக்கு ஸ்லீவ் என்று பெயர். அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, ஷிம் என்னும் சிறு தகடுகளின் மேல் பலகையை உட்கார வைத்து, சாய்வான இரண்டு தாங்குகுழாய்களால் நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்த பின் கிரேனை விடுவிக்கிறோம். பிறகு அடி இடைவெளியின் ஓரங்களை அடைத்துவிட்டு, கீழ்த் துளை வழியாகக் கிரவுட்டைப் பம்ப் செய்கிறோம். மேல் துளையில் குமிழி இல்லாமல், அறுபடாமல், தாரையாக அது வெளியே வர வேண்டும். வந்தால் அடைப்பான் போட்டுவிட்டு அடுத்த துளைக்குப் போகலாம். வராவிட்டால் உள்ளே எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அடைப்பான் போட்டு மேலே பூசிவிட்டால், நிரம்பிய ஸ்லீவும் நிரம்பாத ஸ்லீவும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 23-ஆம் தளத்தில் ஒரு மூலைப் பலகை இறங்கவில்லை. கீழே ஒரு கம்பி இரண்டரைச் சென்டிமீட்டர் தள்ளி நின்றது. பலகை கிரேனில் தொங்குகிறது, அடுத்த லாரி கீழே காத்திருக்கிறது, எங்கள் குழுவில் ஒருவன் கம்பி அறுக்கும் கிரைண்டரை எடுத்துவிட்டான். கம்பியை அடியோடு அறுத்துவிட்டால் பலகை சட்டென்று உட்காரும். அவன் கையைப் பிடித்து நிறுத்தியவர் அறந்தாங்கிக்காரரான எங்கள் ஃபோர்மேன். பலகை தரைக்குத் திரும்பியது. வடிவமைப்புப் பொறியாளர் வந்து, புதிதாகத் துளையிட்டு ரசாயனப் பசையில் கம்பி பொருத்தும் முறையை எழுதிக் கொடுத்தார். மறுநாள் மதியம்தான் அந்தப் பலகை ஏறியது. கிரேன் வாடகை வீணானதற்காக மேலாளர் எங்களைத் திட்டினார், அது வேறு கதை. ஆனால் அந்தத் தாமதத்தை மறைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு படிவம் இருந்தது. இறக்குவதற்கு முன் கம்பிகளின் புகைப்படம், கிரவுட் கலந்த நேரம், ஊற்றிய தண்ணீரின் அளவு, சோதனைக் கட்டிகளின் எண், பம்ப் செய்தவரின் பெயர், பார்த்தவரின் கையொப்பம் எல்லாம் அதில் ஏற வேண்டும். அங்கிருந்தவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பாதிப்பேர் நம்மூர்க்காரர்கள்தாம்.

இனி எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்ப்பது வழக்கம். ஒரு மாலை, 4-ஆம் தளத்தில் இரண்டு இளைஞர்கள் காலிப் பெயின்ட் வாளியில் கிரவுட் கலந்துகொண்டிருந்தார்கள். மூட்டைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று பையிலேயே அச்சிட்டிருக்கும். அவர்கள் குழாயைத் திறந்து, கண்ணளவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கலவை மோர் போல ஓடியது. கேட்டபோது, ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த அந்தப் பையன் தனக்குத் தெரிந்த தமிழில், "தண்ணி கம்மி போட்டா பம்ப் அடைக்குது அண்ணா" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை, அவன்மேல் குற்றமும் இல்லை. அவனுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. தண்ணீர் கூடினால் கிரவுட் இறுகும்போது நீர் மேலே பிரிந்து, ஸ்லீவின் தலைப்பகுதியில் வெற்றிடம் விழும், வலிமையும் குறையும். தளப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தபடி, "சார், அது நான்-ஷ்ரிங்க் கிரவுட், சுருங்கவே சுருங்காது" என்றார். பையின்மேல் எழுதியிருந்த பெயரை அவர் வரமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அன்றே எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வீடு கைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, கிழக்குப் பக்கத்து வீடுகள் பதினான்கில் பலகைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியது. வெளிப்புற இடுக்கை அடைக்கும் சீலன்ட் விட்டுப்போனால் தண்ணீர் வரும். அதை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் கிரவுட்டைக் குறை சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழுது பார்ப்பதற்காக 12-ஆம் தளத்தில் ஒரு கிடைமட்ட இடுக்கின் பழைய சீலன்ட்டை உரித்தபோது நான் அருகில் இருந்தேன். சட்டைப்பையில் இருந்த 15 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலை இடுக்குக்குள் விட்டுப் பார்த்தேன். தடையே இல்லாமல் முழுதும் உள்ளே போயிற்று. அங்கே இறுகிய கிரவுட் இருந்திருக்க வேண்டும். பழுது பார்க்க வந்தவர் அதன்மேலேயே புதிய சீலன்ட்டைப் பிதுக்கி, விரலால் வழித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அன்று தொடங்கிய விசாரிப்புதான் உங்கள் ஒற்றை வரிப் பதிலில் வந்து நிற்கிறது.

இப்படிப்பட்ட இணைப்பு என்ன செய்யும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு, பலகைகளை அடுக்கிக் கட்டப்பட்டது. மக்கள் குடியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1968 மே 16 அன்று விடியற்காலை, 18-ஆம் தளத்து மூலை வீட்டில் ஒரு பெண் தேநீருக்காக அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரியதில்லை; அந்தப் பெண் உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சுமை தாங்கும் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதால், மேலிருந்த தளங்களின் மூலைகள் சரிந்து, அந்த எடை கீழ்த்தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், ஓரிடத்தில் ஏற்படும் சேதம் கட்டடத்தின் பெரும்பகுதியைச் சாய்த்துவிடக் கூடாது என்ற விதி 1970-இல் பிரிட்டனின் கட்டட விதிகளில் ஏறியது. 1986-இல் அதே கட்டடத்தைத் தளம் தளமாகப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் வெற்றிடமும் செய்தித்தாளும் இருந்தன. ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அந்தச் செய்தித்தாள்கள் சுவருக்குள் இருந்திருக்கின்றன.

மற்றொன்று, 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நேர்ந்த நிலநடுக்கம். லெனினாகான் (இன்றைய கியும்ரி) நகரில் தூணும் உத்தரமுமாக முன்வார்ப்புப் பாகங்களைப் பூட்டிக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடங்கள் பெருமளவில் நொறுங்கின. அதே நகரில், அதே அதிர்வில், பெரிய சுவர்ப் பலகைகளால் கட்டியவை நின்றன. இரண்டுமே முன்வார்ப்புதான். எனவே முறையைப் பழித்துப் பயனில்லை. பாகங்கள் எப்படிப் பிணைக்கப்பட்டன என்றே கேட்க வேண்டும். சென்னை 2002-இல் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்ட நகரம் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

வடிவமைப்புக்கான விதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. முன்வார்ப்புக் காங்கிரீட் கட்டடங்களுக்கென்றே ஐ.எஸ். 15916 என்ற இந்தியத் தரநிலை 2010-இல் வந்தது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முன்வார்ப்புக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியிருக்கிறது. கட்டடத்தைக் குறுக்கும் நெடுக்கும் கட்டிப்போடும் பிணைப்புக் கம்பிகள் பற்றியும் பேசுகிறது. வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும், எங்கள் கட்டடத்தின் வரைபடத்திலும் சரியாகத்தான் இருக்கிறது. வரைந்தபடி செய்தார்களா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே என் குறை.

நம்முடைய ஆய்வுப் பழக்கம், கட்டுமிடத்திலேயே கம்பி கட்டிக் காங்கிரீட் போடும் கட்டடங்களைப் பார்த்துப் பழகியது. அங்கே காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் வந்தால் கம்பிகளை எண்ணிவிடலாம். முன்வார்ப்பில் பலகையின் கம்பி, நகருக்கு வெளியே எங்கோ ஒரு வார்ப்புக்கூடத்தில் மூடப்பட்டுவிடுகிறது. இணைப்பின் கம்பியோ பலகை இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் வழவழப்பான சுவர்தான் தெரியும். எங்கள் கட்டடத்துக்குச் சான்று வழங்கும் முன் வந்த அலுவலர் கடமை தவறியவர் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கவாட்டு இடைவெளியை நாடா பிடித்து அளந்தார், கார் நிறுத்துமிடங்களை எண்ணினார், மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். இணைப்பைப் பற்றி அவர் எதையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவர் கையிலிருந்த படிவம் சொல்லவுமில்லை.

வாங்கியவர்களுக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் 7-ஆம் தளத்து உரிமையாளர் ஒருவர், சமையலறையைக் கூடத்தோடு சேர்ப்பதற்காகச் சுவரை அறுக்க ஆள் கொண்டுவந்துவிட்டார். நம் மக்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே மாடுலர், மாடுலர் கிச்சன்தான்; அதற்காகவே அவர் சுவரை அறுக்க முனைந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. தூணும் உத்தரமும் உள்ள கட்டடத்தில் இடைச்சுவரை எடுத்தால் பெரிய கேடில்லை. எங்கள் கட்டடத்தில் தூணே கிடையாது, சுவர்தான் தூண். ஓரடி அளவுக்கு அறுத்த பிறகுதான் காவலாளி வந்து என்னிடம் சொன்னார். நிறுத்தினேன். "என் வீட்டுச் சுவரை நான் இடிக்க உங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டார். அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு வரைபடமும் இல்லை, விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை.

பலகைவாரியாக இணைப்புப் பதிவேடு கேட்க வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னபோது இரண்டு தடைகள் சொல்லப்பட்டன. ஆள் போதாது என்பது ஒன்று; கோப்புகள் தாமதமாகும் என்பது மற்றொன்று. எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு 74 சுவர்ப் பலகைகள், மொத்தம் 1,406. பலகைக்கு ஒரு தாளும் மூன்று புகைப்படமும் என்று வைத்தாலும், தாள் எல்லாம் ஓர் இரும்பு அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும், படங்கள் ஒரு கைப்பேசியில் அடங்கிவிடும். அதை எழுதப் போவது நீங்கள் அல்லர், கட்டுகிறவர்கள். நீங்கள் செய்ய வேண்டியது அதைக் கேட்பதும், நினைத்த நாளில் போய் நாலைந்து பலகைகளை ஒத்துப் பார்ப்பதும்தான். கேட்கப்படும் என்று தெரிந்தாலே கிரைண்டரை எடுக்கிற கை சற்றுத் தயங்கும்.

பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகள் முன்வார்ப்பு முறையில் கட்டப்பட்டு 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அவை தரைத்தளமும் ஐந்து மாடிகளும் கொண்டவை. அரசே இந்த முறையை முன்மாதிரியாகக் காட்டிய பிறகு, தனியார் கோபுரங்கள் இன்னும் உயரமாகத்தான் போகும். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தது முன்வார்ப்பால் அன்று. ஆனால் கட்டியபடியே விட்டு, விழுந்த பிறகு காரணம் தேடும் பழக்கம் எப்படி முடியும் என்பதை அங்கே பார்த்தோம். அதன் இணைக் கட்டடத்தைப் பிறகு 2016-இல் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது.

ஆகவே உங்களிடம் நான் கோருபவை இவை. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடம் என்று வரையறுக்கும் 18.30 மீட்டரைத் தாண்டும் எந்த முன்வார்ப்புக் கட்டடத்துக்கும், பலகைவாரியான இணைப்புப் பதிவேடு இல்லாமல் பணிநிறைவுச் சான்று வழங்கக் கூடாது. அதன் நகல் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வர வேண்டும். கட்டுகிறவரிடம் சம்பளம் வாங்காத ஒரு கட்டமைப்புப் பொறியாளர், வார்ப்புக்கூடத்துக்கும் கட்டுமிடத்துக்கும் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்க வேண்டும். கீழ்த்தளங்களிலும் மூலைப் பலகைகளிலுமாவது கிரவுட் செலுத்தும்போது அவர் உடனிருக்க வேண்டும். கிரவுட் கலப்பவருக்கும் பம்ப் செய்பவருக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் பயிற்சியும் தேர்வும் வைத்து, தேறியவர் பெயர் மட்டுமே பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தச் சுவர் சுமை தாங்குவது என்று காட்டும் வரைபடம் ஒவ்வொரு வீட்டின் விற்பனைப் பத்திரத்தோடும் இணைக்கப்பட வேண்டும். அதை அறுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

இவையெல்லாம் இனி வருபவற்றுக்கு. ஏற்கெனவே சான்று பெற்று மக்கள் குடியிருக்கும் கட்டடங்களில், மாதிரிக்குச் சில இணைப்புகளிலாவது விரல் பருமனுக்குத் துளையிட்டு, எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க ஆறு மாதங்களுக்குள் ஆணையிட வேண்டும். எங்கள் கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். செலவில் பாதியை ஏற்பதாகச் சென்ற மாதப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். முதல் துளையை என் வீட்டுக் கிழக்குச் சுவரிலேயே இடலாம்; அதற்கான எழுத்துப்பூர்வ சம்மதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வுக் குழு எந்த நாளில் வரும் என்பதை முப்பது நாட்களுக்குள் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்,
11-ஆம் தளம், கிழக்குப் பக்க வீடு